மேற்கு ஜன்னல், எகிறும் கரன்ட் பில்... கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டினால் வீடு குளிருமா?

மாலை நான்கு மணி. ஊரப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் பின்பக்க பெட்ரூமுக்குள் அந்த நேரத்தில் யாரும் போவதில்லை. போக முடியாது என்பதுதான் சரி. மேற்குப் பார்த்த அறை. இரண்டு பெரிய ஸ்லைடிங் ஜன்னல்கள். வீடு பார்க்க வந்த அன்று, ‘நல்ல வெளிச்சம், நல்ல காத்து’ என்று நாங்கள் சந்தோஷப்பட்ட அதே ஜன்னல்கள்தான்.

அந்த அறை என் மாமியாருடையது. எழுபதைத் தாண்டியவர். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால்தான் அவருக்கு மாலைப்பொழுது ஓடும். ஏப்ரல் பிறந்தால் அந்தத் தூக்கம் போய்விடும்.

“முதுகு வேகுதும்மா. நான் ஹால்லயே பாயைப் போட்டுக்கறேன்” என்பார்.

“ஏ.சி-யைப் போட்டுக்கங்களேன் அத்தை.”

“வேணாம்மா. பில்லு வர்ற அன்னிக்கு அவன் மூஞ்சி போற போக்கை என்னால பாக்க முடியாது.”

‘அவன்’ என்றால் என் கணவர். அவரையும் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம். ஆனால், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கணக்கே மாறிவிடும். தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே இருக்கும் யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடும். அதனால் 490-க்கும் 510-க்கும் இருபது யூனிட்தான் வித்தியாசம் என்றாலும், பில்லில் அது பெரிய வித்தியாசமாக வந்து நிற்கும். கோடை மாதங்களில் எங்கள் வீடு அந்தக் கோட்டுக்கு மேலேதான் நிற்கும்.

இந்த நிலையில்தான், ஜன்னல் கண்ணாடிக்கு ‘சன் கன்ட்ரோல் ஃபிலிம்’ ஒட்டினால் சூடு குறையும், பில்லும் குறையும் என்று சொன்னார்கள். ஒட்டினோம். முதல் முறை ஏமாந்தோம். இரண்டாவது முறை கொஞ்சம் படித்து, விசாரித்து, கணக்குப் போட்டுச் செய்தோம். எங்களைப் போலவே மேற்கு ஜன்னலோடு மல்லுக்கட்டும் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஜன்னல் வழியே நுழையும் அயர்ன்பாக்ஸ்

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ஏறக்குறைய பாதிதான். மறுபாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். மிச்சமிருக்கும் சிறு பங்கு புற ஊதாக் கதிர்கள். துணியையும் சோபாவையும் வெளுக்கச் செய்வதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான்.

சாதாரணக் கண்ணாடி, மேலே விழும் சூரிய வெப்பத்தில் 80 சதவிகிதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த வெயில், தரையிலும் கட்டிலிலும் சுவரிலும் பட்டு வெப்பமாக மாறும். அந்த வெப்பம் வந்த வழியே கண்ணாடியை ஊடுருவித் திரும்பிப் போவதில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

எவ்வளவு வெப்பம் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 5 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் போக, கண்ணாடி மட்டும் சுமார் 1.6 சதுர மீட்டர். கோடையின் தெளிவான பிற்பகலில் மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் அளவில் வெயில் விழும். அதில் 80 சதவிகிதத்துக்கு மேல் உள்ளே வந்தால், சுமார் 800 வாட்.

800 வாட் என்றால், துணி தேய்க்கும் அயர்ன்பாக்ஸ் ஒன்றை ஆன் செய்து அறை நடுவே வைத்ததற்குச் சமம். எங்கள் அறையில் அப்படி இரண்டு ஜன்னல்கள். ஒரு டன் ஏ.சி, ஓடும்போது அறையிலிருந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான திறன், இந்த இரண்டு ஜன்னல்கள் கொண்டுவரும் வெயிலைத் தள்ளுவதிலேயே போய்விடுகிறது. சுவரும் கூரையும் தரும் சூடு தனி. “ஏ.சி ஓடிக்கிட்டேதான் இருக்கு, ரூம் மட்டும் குளிர மாட்டேங்குது” என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம் பல வீடுகளில் இதுதான்.

எந்த ஜன்னலுக்குத் தேவை?

கடைக்காரர் எல்லா ஜன்னலுக்கும் ஒட்டச் சொல்வார். அவசரப்படாதீர்கள். முதலில் சூரியன் போகும் பாதையைப் பாருங்கள்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நம் தலைக்கு நேர்மேலே நிற்கும். அதன்பின், ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கும். அதாவது, அக்னி நட்சத்திரத்தின்போது தெற்கு ஜன்னலில் நேரடி வெயில் விழுவதில்லை. மார்கழி, தை மாதங்களில்தான் தெற்கே வெயில் எட்டிப்பார்க்கும். அதில் பெரும்பகுதியைச் சன்ஷேடே தடுத்துவிடும்.

கிழக்கு ஜன்னலில் காலை வெயில் விழும். அளவில் அது மேற்குக்குக் குறைந்ததல்ல. ஆனால், காலையில் காற்றும் சுவரும் ஓரளவு குளிர்ந்திருக்கும். மேற்கு வெயில், நாள் முழுக்கக் காய்ந்த வீட்டின்மேல் கடைசியாக வந்து விழுகிறது. அதனால்தான் அது அவ்வளவு வாட்டுகிறது.

“மேலே சன்ஷேடு இருக்கே” என்று கேட்கலாம். சன்ஷேடு உச்சி வெயிலுக்கானது. ஏப்ரல் மாதம் மாலை நாலரை மணிக்கு, 2 அடி நீட்டிய சன்ஷேடின் நிழல் ஜன்னலில் ஒரு அடிதான் இறங்கும். மீதி 3 அடியில் வெயில் நேராக உள்ளே வரும்.

மாமல்லபுரம், கோவளம் பக்கம் இருப்பவர்களுக்குப் பகலிலேயே கடல்காற்று கிடைத்துவிடும். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி போல உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு அது தாமதமாகத்தான் வரும். சில நாள் வராமலே ஏமாற்றும். அதுவரை அந்த வெயிலை ஜன்னல்தான் சமாளிக்க வேண்டும்.

கறுப்பு ஒட்டிய கதை

நாங்கள் முதலில் செய்த தவறு, ‘எவ்வளவு கறுப்போ அவ்வளவு குளிர்ச்சி’ என்று நம்பியது. அக்கம்பக்கத்தில் ஒரு கடையில் இருந்ததிலேயே கறுப்பான ஃபிலிமை, விலையும் குறைவு என்பதால், ஒட்டச் சொல்லிவிட்டோம்.

“என்னம்மா இது, பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டு... துக்க வீடு மாதிரி” என்று அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டார். அறை இருண்டது. வெயில் கண்ணைக் கூசவில்லை. ஆனால் சூடு? கண்ணாடியில் கை வைத்தால் தோசைக்கல்போலக் கொதித்தது. இரண்டாவது கோடை முடிவதற்குள் கறுப்பு, கத்திரிப்பூ நிறமாகி, ஓரமெல்லாம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. மலிவான கறுப்பு ஃபிலிம் என்பது பெரும்பாலும் சாயம் ஏற்றிய பிளாஸ்டிக் தாள். அது வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை, தானே உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதில் ஒரு பகுதி வெளியே போகும். மறுபகுதி கண்ணாடியைச் சூடாக்கி அறைக்குள்ளேயே வரும். சாயம் வெயிலில் வெளுத்துப்போனதும் அந்தக் கொஞ்ச நஞ்சப் பலனும் போய்விடும்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு இருக்கிறது: “ஃபிலிம் ஒட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?” அது வாகனங்களுக்கு. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்தது. வீட்டு ஜன்னலுக்கும் அந்தத் தடைக்கும் சம்பந்தமில்லை.

மூன்று எண்களைக் கேளுங்கள்

கட்டடங்களுக்கான இந்த ஃபிலிம் புதிய சரக்கல்ல. அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனம் 1960-களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. பாலியஸ்டர் தாளின்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக அலுமினியத்தைப் படியவைத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிபோல ஆக்கினார்கள். இன்று நம் நாட்டிலேயே மகாராஷ்டிரத்தின் சத்ரபதி சம்பாஜி நகரில் கார்வேர் நிறுவனம் இதைத் தயாரித்து வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதி செய்கிறது.

கடையில் பொதுவாக மூன்று ரகங்கள் இருக்கும். முதலாவது, நாங்கள் ஏமாந்த சாய ஃபிலிம். இரண்டாவது, உலோகப் பூச்சுள்ள, வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடிபோலத் தெரியும் ரிஃப்ளெக்டிவ் ஃபிலிம். வெப்பத்தை நன்றாகவே தடுக்கும். பகலில் வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது. இரவில் நீங்கள் லைட் போட்டதும் கதை தலைகீழாகிவிடும். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். திரையைக் கழற்றிவிடாதீர்கள். எதிர்வீட்டுக்காரர் கண்ணில் வெயில் அடிக்கிறது என்று சண்டைக்கு வரவும் வாய்ப்பு உண்டு. மூன்றாவது, செராமிக் அல்லது ஸ்பெக்ட்ரலி செலக்டிவ் என்று சொல்லும் ரகம். வெளிச்சத்தைப் பெருமளவு விட்டு, அகச்சிவப்பைத் தடுக்கும். விலை அதிகம்.

எந்த ரகமானாலும் நிறத்தைப் பார்த்து வாங்காமல், கம்பெனியின் விவரத் தாளை வாங்கி, மூன்று எண்களைப் பாருங்கள்.

வி.எல்.டி: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் எவ்வளவு உள்ளே வருகிறது. 40 முதல் 60 சதவிகிதம் இருந்தால் பகலில் லைட் போடாமல் பிள்ளைகள் படிக்கலாம். 20-க்குக் கீழே போனால் இருட்டுதான்.

டி.எஸ்.இ.ஆர்: வெளிச்சம், அகச்சிவப்பு, புற ஊதா எல்லாம் சேர்த்து மொத்தச் சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கப்படுகிறது. முக்கியமான எண் இதுதான். 50-க்கு மேல் இருந்தால் நல்லது.

யூ.வி: புற ஊதாக் கதிர் தடுப்பு. நல்ல ஃபிலிம்களில் 99 சதவிகிதம் இருக்கும். திரைச்சீலையும் மரச் சாமான்களும் வெளுப்பது தள்ளிப்போகும். வெளுக்கவே வெளுக்காது என்று நம்ப வேண்டாம். வெளிச்சமும் சூடும்கூட நிறத்தைத் தின்னும்.

20 சதவிகித வெளிச்சம் மட்டுமே விடும் சாய ஃபிலிமைவிட, 50 சதவிகித வெளிச்சம் விடும் ஒரு நல்ல ஃபிலிம் அதிக வெப்பத்தைத் தடுப்பதுண்டு. எங்கள் கறுப்பு ஃபிலிம் ஏன் தோற்றது என்பது இப்போது புரிந்திருக்கும்.

கடையில் ஒரு வித்தையும் காட்டுவார்கள். சிவப்பு ஹீட் லாம்ப் ஒன்றை எரியவிட்டு, நடுவே ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியை வைத்து, “கையை வச்சுப் பாருங்க மேடம், சூடே இல்ல. ஐ.ஆர் 95 பர்சென்ட் கட்” என்பார்கள். கை சுடாது, உண்மைதான். ஆனால், அந்த விளக்கு தருவது பெரும்பாலும் அகச்சிவப்பு. வெயிலில் அது பாதிதான். தவிர, அகச்சிவப்பில் ஒரு குறுகிய பகுதியை மட்டும் அளந்து அந்த 95-ஐச் சொல்வதும் உண்டு. “அது இருக்கட்டும் தம்பி, டி.எஸ்.இ.ஆர் எவ்வளவு?” என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

காசு திரும்புமா?

பழைய அதே ஜன்னல் கணக்கைத் தொடர்வோம். கண்ணாடியில் விழும் வெயில் 960 வாட். ஃபிலிம் இல்லாதபோது உள்ளே வந்தது சுமார் 800 வாட். டி.எஸ்.இ.ஆர் 55 உள்ள ஃபிலிம் ஒட்டினால் சுமார் 430 வாட். மிச்சம் 370 வாட். தினமும் மூன்று மணி நேர வெயில் என்றால் 1.1 யூனிட் அளவு வெப்பம் அறைக்குள் வராமல் நிற்கிறது.

கவனியுங்கள், இது வெப்பத்தின் கணக்கு. ஏ.சி ஒரு யூனிட் கரன்ட்டில் சுமார் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். ஆகவே, கரன்ட்டில் மிச்சமாவது ஒரு ஜன்னலுக்கு ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு மாதத்துக்கு 20 யூனிட் சொச்சம். இரண்டு ஜன்னலுக்கு 40 யூனிட் சொச்சம். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால், ஒரு பில்லுக்கு 250 ரூபாய் அளவில் குறையும். வருடத்தின் ஆறு பில்களில் நான்கில் ஏ.சி ஓடும் வீடு என்றால், வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்.

செலவு? ஃபிலிமின் விலை ரகத்துக்கும் கடைக்கும் ஏற்ப மாறும். ஒட்டுக் கூலியோடு சதுர அடிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 சதுர அடி ஜன்னல்கள் இரண்டுக்கு 4,000 ரூபாய். போட்ட பணம் திரும்ப நான்கு வருடம். பிராண்டட் ஃபிலிம்கள் பலவற்றுக்கு ஐந்து முதல் பத்து வருட வாரன்டி கொடுக்கிறார்கள் என்பதால் நஷ்டமில்லை. ‘கரன்ட் பில் பாதியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

ஆனால், இந்தக் கணக்கில் வராத இரண்டு விஷயங்கள் உண்டு. உங்கள் வீடு 520, 530 யூனிட்டில் நிற்கும் வீடாக இருந்தால், அந்த 40 யூனிட் உங்களை 500-க்குக் கீழே இறக்கிவிடும். அப்போது மிச்சம் கூடும். இரண்டாவது, ஏ.சி இல்லாத வீடு. அங்கே ரூபாயில் மிச்சம் எதுவும் இல்லை. வெயில் நேராக மேலே படாமல் வயதானவர் ஒருவர் கட்டிலில் படுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் என்பது இனி வெறும் அசௌகரியம் அல்ல என்பதை அரசே சொல்லிவிட்டது.

ஃபிலிமுக்கு முன்னால் ஒரு தட்டி

இவ்வளவு படித்தபின் எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம், நம் பாட்டிகளுக்கு முன்பே தெரிந்ததுதான். வெயிலை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

உள்ளே போடும் திரைச்சீலை, ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் மறிக்கிறது. ஃபிலிம், கண்ணாடியிலேயே மறிக்கிறது. வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ, வெட்டிவேர்த் தட்டியோ, பச்சை ஷேட் நெட்டோ, கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே மறித்துவிடுகிறது. பலன் அதிகம். விலையும் பெரும்பாலும் குறைவு. திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் ஓலைச் சார்ப்புக்கும் இருந்த வேலை இதுதானே?

காற்று விஷயத்திலும் தட்டிதான் ஜெயிக்கும். ஜன்னலைத் திறந்தால் தட்டி வெயிலை மறித்துக் காற்றை விடும். ஃபிலிமோ கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. ஸ்லைடிங் ஜன்னலைப் பாதி திறந்தால், திறந்த பாதியில் ஃபிலிம் இல்லை. ஆகவே, ஜன்னலை மூடி ஏ.சி போடும் அறைக்குத்தான் ஃபிலிம் முழுப்பலன் தரும். எங்கள் பக்கம் ஆறு மணியானால் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறோம். கொசுவலை அடித்திருந்தால், வெயில் இறங்கியபின் கண்ணாடியைத் திறந்துவிடுங்கள். அந்தக் காற்றுக்கு எந்த ஃபிலிமும் ஈடாகாது.

அப்படியானால் ஃபிலிம் யாருக்கு? வெளியே எதுவும் கட்ட முடியாதவர்களுக்கு. உயரமான மாடியில் தட்டி காற்றில் பறக்கும். வெளித்தோற்றம் கெடும் என்று அசோசியேஷன் தடுக்கும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபின் இந்தப் பக்கம் வீடு தேடி வருவோர் கூடியிருக்கிறார்கள். பலர் வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களால் சன்ஷேடை நீட்ட முடியாது, ஃபிலிம் ஒட்டலாம். அதையும் வீட்டு ஓனரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மொட்டைமாடிக்குக் கீழே நேராக இருக்கும் வீடு என்றால் வரிசை மாறும். நாள் முழுக்க வெயில் வாங்குவது கூரை. முதல் செலவு மாடித் தரைக்கு அடிக்கும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட்டாக இருக்கட்டும். ஜன்னல் அடுத்தது. அதேபோல, மேற்குச் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் உள்ளே விடுவதையும் ஃபிலிம் தடுக்காது. வெளிச்சுவருக்கு வெளிர் நிறம் அடிப்பதும், முடிந்தால் ஒரு மரம் வைப்பதும்தான் அதற்கு வழி.

இருக்கும் கட்டடத்தை என்ன செய்வது?

மத்திய மின்சக்தி அமைச்சகம் 2018 டிசம்பரில் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. சுவர், ஜன்னல் வழியாக வீட்டுக்குள் எவ்வளவு வெப்பம் நுழையலாம் என்பதற்கு அது ஒரு வரம்பு வைத்தது. நல்ல விஷயம். ஆனால், அது புதிதாகக் கட்டப்படும் பெரிய குடியிருப்புகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஏற்கெனவே கட்டி, கடன் வாங்கி, குடியேறிவிட்ட நம்மைப் போன்றவர்களின் வீட்டு ஜன்னலை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய கட்டடத்தை இடிக்காமல் திருத்த முடியும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் பில்டிங், 1931-ல் திறக்கப்பட்ட 102 மாடிக் கட்டடம். 2009-ல் அதன் மின்சாரச் செலவைக் குறைக்க முடிவெடுத்தபோது, சுமார் 6,500 ஜன்னல்களையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டவில்லை. கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலேயே ஒரு பட்டறை போட்டார்கள். ஜன்னல்களைக் கழற்றி எடுத்துவந்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு ஃபிலிமை இழுத்துக் கட்டி, வாயுவை நிரப்பி, திரும்ப மாட்டினார்கள். பழைய கண்ணாடியில் 90 சதவிகிதத்துக்கும் மேல் அப்படியே பயன்பட்டது. விளக்கு, ஏ.சி உள்ளிட்ட மற்ற மாற்றங்களோடு சேர்த்து, கட்டடத்தின் எரிசக்தித் தேவையை 38 சதவிகிதம் குறைப்பது திட்டம்.

அது ஒட்டும் ஃபிலிம் அல்ல, வேறு வகை. குளிர்நாட்டுக் கட்டடம் என்பதால் தேவையும் வேறு. ஆனால் அவர்கள் யோசித்த வரிசை நமக்கும் பொருந்தும். முதலில் ஜன்னல் வழியாகவும் விளக்குகளாலும் ஏறும் சூட்டைக் குறைத்தார்கள். சூடு குறைந்ததால் பெரிய ஏ.சி இயந்திரங்களைப் புதிதாக வாங்க வேண்டியிருக்கவில்லை. நாமோ, அறை குளிரவில்லை என்றால் ஒரு டன்னை விற்று ஒன்றரை டன் வாங்குகிறோம்!

ஒட்டும் முன்பும் பின்பும்

பழைய மர ஜன்னல்களில் இருக்கும் பின்ஹெட் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் ஃபிலிம் ஒட்டாது. வழவழப்பான பக்கம் உள்ளே இருந்தால் மட்டுமே முயற்சி செய்யலாம்.

ஏற்கெனவே கீறலோ, ஓரத்தில் உடைசலோ உள்ள கண்ணாடி, கம்பி பதித்த கண்ணாடி, நிறமேற்றிய கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி ஆகியவற்றில் வெப்பத்தை உறிஞ்சும் ஃபிலிமை ஒட்டினால், ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலுமாக இருக்கும்போது கண்ணாடி விரிசல் விடக்கூடும். உங்கள் கண்ணாடி எந்த வகை என்று ஒட்டுபவரைப் பார்க்கச் சொல்லி, வாரன்டியை எழுத்தில் வாங்குங்கள்.

உள்பக்கம் கிரில் இருந்தால், ஸ்லைடிங் கதவைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். கிரில் வழியே கையை விட்டு ஒட்டினால் சுருக்கம் நிச்சயம்.

ஒட்டியதும் உள்ளே நீர் தேங்கி மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், சில வாரங்களில் காய்ந்துவிடும். அதுவரை, ஒரு மாதம்போல, துடைக்காதீர்கள். பிறகும் மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். அமோனியா கலந்த கிளீனர், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் வேண்டாம்.

கடைசியாக, ஃபிலிம் ஒட்டியபின் ஏ.சி-யின் டிகிரியைக் குறைக்காமல் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 22-ல் வைத்துப் போர்வை போர்த்துவதற்குப் பதில், 26-ல் வைத்து ஃபேனை ஓடவிடலாம்.

இப்போது எங்கள் அறை

இரண்டாவது முறை, கத்திரிப்பூ நிறத் தாளைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆனது. பாதி வெளிச்சம் விடும் ஃபிலிமை மேற்கு ஜன்னல்கள் இரண்டுக்கு மட்டும் ஒட்டினோம். மற்ற ஜன்னல்களுக்குக் கடைக்காரர் எவ்வளவோ சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டேன். பால்கனிப் பக்கம், அசோசியேஷனில் கேட்டுக்கொண்டு, ஒரு மூங்கில் தட்டி தொங்குகிறது.

அறை ஊட்டி ஆகிவிடவில்லை. அக்னி நட்சத்திரத்தில் ஊரப்பாக்கம் ஊரப்பாக்கம்தான். ஆனால், மூன்று மணிக்கு மேல் சூடு ஏறுவது தெரியும்படி குறைந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஏ.சி போட்டால் சீக்கிரம் குளிர்கிறது. அணைத்தபின்னும் சிறிது நேரம் தாங்குகிறது. கரன்ட் பில் வரும் நாளில் என் கணவரின் முகமும் பரவாயில்லை.

போன வாரம் நாலு மணிக்குக் காபியோடு ஹாலுக்குப் போனேன். பாய் சுருட்டியபடியே மூலையில் இருந்தது. அத்தையைக் காணோம். பெட்ரூம் கதவைத் திறந்தேன். ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

காபியை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.